ஒன்றரை மணி நேரத்தில் ஐந்து முடிச்சு

போன வருடத்துக்கு முந்தைய வருடம், முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்த சமயம். காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் மைதானத்தில் இது நடந்தது. நான் அங்கே விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகள் நேரில் பி.டி. மிஸ் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் உண்டு. அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்குத் தொண்டை பெரிது. கருட சேவைக் கூட்டத்தில், மேளச் சத்தத்துக்கு நடுவே நான் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அதை நான் ஒரு தகுதியாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும்போது ஃபுட்பால் டீமில் ஆடியவள் நான். எங்கள் கோச் கத்துவார், நாங்கள் ஓடுவோம். வெயிலில் கிரவுண்டைச் சுற்றி ஓடி, வாந்தி எடுத்து, வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பவும் ஓடுவோம். அப்படி வளர்ந்ததால், அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது என் கட்சி. நான் பிள்ளைகளை அடிக்க மாட்டேன். கத்துவதோடு சரி.

ஒவ்வொரு கோடையிலும் எட்டு வயதிலிருந்து பதினோரு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு மாதம் ஃபுட்பால் சொல்லித் தருவேன். அந்த வருடம் ஆணும் பெண்ணுமாக இருபத்துநாலு பேர் சேர்ந்திருந்தார்கள். பாதிப் பேர் பட்டு நெசவு செய்யும் வீட்டுப் பிள்ளைகள். நாலைந்து பேர் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார்கள். சாயந்திரம் நாலரைக்கு ஆரம்பித்தால் ஆறு மணிக்குத்தான் விடுவேன்.

என் பயிற்சி எப்படி என்றால், முதலில் மைதானத்தை மூன்று சுற்று. அப்புறம் வரிசையாக நிற்க வேண்டும். ஒருவர் பந்தை உதைத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போவார், மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். வரிசையில் பேசினால் இன்னொரு சுற்று. கடைசியில் பதினோரு பேருக்குப் பதினோரு பேர் என்று பிரித்து, பெரிய மைதானம் முழுவதும் ஒரே பந்தை வைத்து மேட்ச். மிச்சம் இரண்டு பேர் வெளியே உட்காருவார்கள். டி.வி.யில் காட்டுகிற ஃபுட்பால் அப்படித்தானே இருக்கிறது, வேறு எப்படி ஆடுவது என்பது என் எண்ணம்.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு ரோஷமும் இருந்தது. முகாம் முடியும்போது வாலாஜாபாத்தில் இதே மாதிரி பயிற்சி கொடுக்கும் ஒரு சாரின் பிள்ளைகளோடு எங்களுக்கு ஒரு மேட்ச் உண்டு. முந்தின வருடம் ஆறு கோல் வாங்கித் தோற்றிருந்தோம். அதை நான் மறக்கவே இல்லை. இந்தத் தடவை எங்களிடம் நல்ல வேகமாக ஓடுகிற ஒரு பையன் இருந்தான். பந்து யார் காலுக்கு வந்தாலும் அவனுக்குத் தள்ளிவிட வேண்டும் என்பதுதான் என் பெரிய திட்டம்.

அந்தக் கூட்டத்தில் ஒன்பது வயதில் ஒரு பெண் இருந்தாள். அப்பா அம்மா இரண்டு பேருமே நெசவு. ஆள் சின்ன உருவம் என்பதால் கடைசியில், கோலுக்குப் பக்கத்தில், டிஃபன்ஸில் நிறுத்தியிருந்தேன். ஒரு நாள் பந்து அந்தப் பக்கம் உருண்டு போகிறது, அவள் குனிந்து உட்கார்ந்து புல்லைக் கிள்ளிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்!

"ஏய், புல்லு புடுங்கவா உங்க வீட்ல அனுப்பிச்சாங்க?" என்று ஒரு சத்தம் போட்டேன்.

மைதானமே சிரித்தது. அவள் எழுந்து, கையைத் தட்டிவிட்டு, நேராக நின்றுகொண்டாள். வீட்டுக்குப் போவதற்குள் நான் அதை மறந்துவிட்டேன். அடுத்த இரண்டு நாள் அவள் வராததையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது நாள் வந்தாள், கூடவே அவள் அம்மாவும் வந்தார்.

அன்றைக்கு அமாவாசை. எங்கள் ஊர்ப்பக்கம் அமாவாசையன்று தறி ஓடாது. நெசவு வீடுகளுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை மாதிரி. அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மைதானத்து ஓரம் இருக்கும் சிமென்ட் படியில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்தார். கையில் ஏதோ நூல் துண்டை வைத்து என்னவோ செய்துகொண்டே இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத கை என்று நினைத்துக்கொண்டேன். பெற்றவர்கள் பார்க்கிறார்கள் என்றால் எனக்கு உற்சாகம் கூடிவிடும். அன்றைக்கு வழக்கத்தை விட இரண்டு மடங்கு கத்தினேன். டீச்சர் எவ்வளவு அக்கறையாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்று தெரிய வேண்டாமா?

பிள்ளைகளை விட்டதும் அவர் எழுந்து வந்தார். மகள் அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றாள். பாராட்டப் போகிறார் என்று நானே பேச்சை எடுத்தேன். "நல்லாதான் ஆடுறாம்மா. இன்னும் கொஞ்சம் ஸ்பீடு வேணும்" என்றேன்.

அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சிவப்பு நிறத்தில் ஒரு பட்டு நூல், பச்சையில் ஒன்று. இரண்டிலும் முடிச்சுகள்.

"தறியில புட்டா பூ வரிசை தப்பாம இருக்கறதுக்காக, கழிவு நூலுல முடிச்சு போட்டுக்கினே வருவேன் மிஸ். எனக்கு அது பழக்கம். இன்னிக்கு எம் பொண்ணு எத்தினி தபா பந்தைத் தொடுதுன்னு பாத்தேன். இந்தச் செவப்பு நூலுதான் அது. அஞ்சு முடிச்சு. அதுல ஒண்ணு, பந்து தானா வந்து முட்டியில பட்டுது. அதையும் சேத்துதான் போட்டுக்கிறேன்."

பச்சை நூலில் இடைவெளியே இல்லாமல் முடிச்சு. அது என்ன என்று கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுத் தொலைத்தேன்.

"இது நீங்க கத்துனது மிஸ். எல்லாப் புள்ளைங்களுக்கும் சேத்து. நூலு பத்தல, பாதியில வுட்டுட்டேன்."

அவர் கேலியாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுக்க எனக்கு வாயா இல்லை? அவரோ, கடையில் உப்பு என்ன விலை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். முகத்தில் கோபம்கூட இல்லை.

"பந்துன்னா உசுரா இருந்துச்சு மிஸ் இது. இப்ப ரெண்டு நாளா, நான் புல்லு புடுங்கறவம்மா, எனக்கு ஃபுட்பாலு வராதுன்னு சொல்லிக்கினு வூட்லயே குந்திக்கினு இருக்குது. இதுக்கு வரலியா, இல்ல இதுங்கிட்ட பந்தே வரலியான்னு பாக்கணும்னுதான் தறி இல்லாத நாளா பாத்து வந்தேன்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. தப்பை ஒப்புக்கொள்கிற குணம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. "ஃபுட்பாலைப் பத்தி உங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஃபுட்பாலு தெரியாது மிஸ். எண்ணத் தெரியும்" என்றார் அவர். நாளையிலிருந்து மகள் வரமாட்டாள் என்று சொல்லி, வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நூலும் என் கையிலேயே இருந்தன.

வீட்டுக்குப் போய் என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். தறி நெய்கிறவர் வந்து எனக்குக் கோச்சிங் சொல்லித் தருகிறார், காலம் கெட்டுக் கிடக்கிறது என்றேன். அவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "நீ எண்ணிப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். இந்த மனிதர் என்றைக்கு என் பக்கம் பேசியிருக்கிறார், இன்றைக்குப் பேச!

மறுநாள், அந்த அம்மா சொன்னது தப்பு என்று நிரூபிப்பதற்காகவே ஒரு பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு போனேன். மேட்ச் ஆடவிட்டு நாலு பிள்ளைகளை மட்டும் கவனித்தேன். கத்திக்கொண்டே எண்ண முடியாது, ஆகவே வாயை மூடிக்கொண்டேன். பத்து நிமிடம் கழித்து ஒரு பெண் ஓடி வந்து, "மிஸ், ஒடம்பு சரியில்லியா மிஸ்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வேகமாக ஓடும் அந்தப் பையன் பந்தைத் தொட்டது அறுபதைத் தாண்டியதும் அவனை எண்ணுவதை விட்டுவிட்டேன். இன்னொருவன் ஆறு தடவை. ஒரு பெண் மூன்று தடவை. ஐயம்பேட்டையிலிருந்து வரும் ஒரு குண்டுப் பையன் ஒரு தடவைகூட இல்லை. அவன் அந்த நேரத்தில் மூன்று முறை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். பாவம், வேறு என்னதான் செய்வான்? ஆட்டோவுக்குக் காசு கொடுத்து ஒரு பிள்ளை தண்ணீர் குடிக்கவா இவ்வளவு தூரம் வருகிறது? இத்தனை வருடமாக நான் ஒரே ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், மற்ற இருபத்துமூன்று பேரை அவனுக்கு வேடிக்கை பார்க்க நிறுத்தி வைத்திருக்கிறேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எண்ண மனமில்லை.

அடுத்த நாள் காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் பக்கம் அவர்கள் இருக்கும் தெருவைத் தேடிப் போனேன். அந்தத் தெருக்களில் விடியற்காலையில் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீள இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சீர் செய்வார்கள். அப்போது ஒரு சைக்கிள்கூட உள்ளே போக முடியாது. வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அதற்கப்புறம் தெரு பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். நான் போனபோது ஒன்பது மணி தாண்டியிருந்தது.

தெரு முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டேன். எட்டுப் பிள்ளைகள், இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. இரண்டு பக்கமும் செங்கல் வைத்து கோல். காற்று பாதி இறங்கிய ஒரு ரப்பர் பந்து. நடுவில் அந்தப் பெண். என்ன ஆட்டம் ஆடினாள் என்கிறீர்கள்! எதிரே ஒருவன் வந்தால், பந்தைச் சுவரில் தட்டிவிட்டு, அவனைச் சுற்றிக்கொண்டு போய், திரும்பி வருகிற பந்தை எடுத்துக்கொள்கிறாள். சுவரையே தன் கட்சியில் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தி வைத்திருந்த மொபெட்டுக்கும் அடிபம்புக்கும் நடுவே ஒரு முழ இடத்தில் பந்தைக் காலடியிலேயே வைத்துத் திருப்பினாள். இதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களுக்குச் சொல்லித் தர நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

அவர்களுக்கு ஒரு சட்டமும் இருந்தது. ஒரு கட்சி மூன்று கோல் அதிகமாகப் போட்டுவிட்டால், அதிலிருந்து ஒரு ஆள் தோற்கிற கட்சிக்கு மாறிவிட வேண்டும். "மூணாயிடுச்சு, யாருடா வர்றீங்க?" என்று ஒருவன் கேட்டதும், அப்போதுதான் கோல் போட்ட பெண் முனகாமல் இந்தப் பக்கம் வந்து நின்றாள். ஆட்டம் மறுபடி சூடு பிடித்தது. யார் சொல்லிக் கொடுத்தது? ஒருவரும் இல்லை. ஆட்டம் சப்பென்று போகக்கூடாது என்று அதுகளே கண்டுபிடித்துக்கொண்டன.

ரசித்துக்கொண்டே நாலு அடி முன்னால் போய்விட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். காலால் பந்தை நிறுத்தினாள், இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அட்டென்ஷனில் நின்றாள். மற்ற பிள்ளைகளும் அவளைப் பார்த்து நின்றுவிட்டன. தெருவே அமைதியாகி, வீடுகளுக்குள் ஓடும் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. என்னைப் பார்த்தால் ஒரு குழந்தைக்கு விளையாட்டு மறந்துபோகிறது. விளையாட்டு டீச்சர் என்று சம்பளம் வாங்குகிறவள் நான். அந்த இடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, "என்னையும் சேத்துக்குவீங்களா?" என்று கேட்டேன். பிள்ளைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. கூடிப் பேசின. கடைசியில், தோற்கிற கட்சிக்கு என்னைக் கொடுத்தார்கள். நாலாவது நிமிடமே அந்தப் பெண் என் இரண்டு காலுக்கும் நடுவே பந்தைத் தட்டிவிட்டு ஓடி கோல் போட்டாள். தெரு முழுக்கக் கைதட்டல். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் மூச்சு வாங்க நின்றதைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள்.

சத்தம் கேட்டு அவள் அம்மா தறியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். "தப்பு எம் பேர்லதாம்மா. நானும் எண்ணிப் பாத்துட்டேன். அன்னிக்கு அப்படிப் பேசினதுக்கு மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். பரம்பரையிலேயே முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் வியர்வை துடைக்க ஒரு துண்டைக் கொடுத்து, "மொதல்ல காபி சாப்புடுங்க மிஸ். வர்றதும் வராததும் அது இஷ்டம், அதையே கேளுங்க" என்றார்.

கேட்டேன். அந்தப் பெண் பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "எங்க தெரு ஆட்டம் ஆடுனா வரேன் மிஸ்" என்றாள்.

அன்று சாயந்திரமே கோலமாவு வாங்கிப்போய் மைதானத்தை மூன்று சின்னக் கட்டங்களாகப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் நாலுக்கு நாலு. கோலுக்குச் செருப்பு. பள்ளி ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்த பழைய பந்துகளுக்குக் காற்றடித்துக் கட்டத்துக்கு ஒன்று. சுற்று ஓடுவதும் வரிசையில் நிற்பதும் கிடையாது. வந்ததும் ஆட்டம்தான். மூன்று கோல் சட்டத்தை அந்தப் பெண்ணையே எல்லோருக்கும் சொல்லச் சொன்னேன்.

முதல் நாள் ஒரே களேபரம். ஒரு கட்டத்துப் பந்து இன்னொரு கட்டத்துக்குப் போய்விடும், அங்கே இருக்கிற எட்டுப் பேரும் இரண்டு பந்தை வைத்துக்கொண்டு ஆடுவார்கள். சந்தைக்கடை தோற்றது. பேங்கில் வேலை பார்க்கும் ஒரு அப்பா வந்து, பொசிஷன் எல்லாம் சொல்லித் தருவதில்லையா, இது என்ன கோச்சிங் என்று கேட்டார். அவரையும் உட்கார வைத்துத் தன் பிள்ளையை மட்டும் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் முப்பதைத் தாண்டிவிட்டது என்று அவரே வந்து சொன்னார். தண்ணீர் குடிக்கப் போகும் குண்டுப் பையனைத் தண்ணீர் குடிக்க நானே கட்டாயப்படுத்தி அனுப்ப வேண்டியிருந்தது.

வேகமாக ஓடும் பையனுக்குத்தான் முதலில் கஷ்டம். யாரும் பந்தை அவனுக்கென்று தள்ளிவிடவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் சின்ன இடத்தில் ஆடத் தெரியாததுதான் தன் குறை என்று புரிந்துகொண்டு, அந்தப் பெண்ணிடமே சுவர் ஆட்டம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தான். வாய் தானாகத் திறக்கும்போதெல்லாம் நான் ஒரு கடலை மிட்டாயை எடுத்துப் போட்டுக்கொள்வேன். அந்த மாதம் இரண்டு கிலோ ஏறிவிட்டேன்.

வாலாஜாபாத் சாருக்குப் போன் செய்து, இந்தத் தடவை நாலுக்கு நாலாக, மூன்று கோல் சட்டத்தோடு ஆடலாம் என்றேன். "ஏன் மேடம், போன வருசம் மாதிரி ஆயிடும்னு பயமா?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வந்து பாருங்கள் சார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முகாமின் கடைசி நாள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். மூன்று கட்டத்திலும் ஒரே நேரத்தில் ஆட்டம். கொஞ்ச நேரத்தில் நடுக் கட்டத்தில் எங்கள் பிள்ளைகள் மூன்று கோல் போட்டுவிட்டார்கள். சட்டப்படி ஒரு ஆள் மாற வேண்டும். அந்தப் பெண் தானே வாலாஜாபாத் பக்கம் போய் நின்றாள். போன கையோடு எங்களுக்கு எதிராக இரண்டு கோல் போட்டாள்! எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி வந்தது. நல்லவேளை, வாயில் மிட்டாய் இருந்தது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஊர் பேர் தெரியாத இவளைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள், எங்கள் பிள்ளைகளும் சேர்ந்து குதித்தார்கள். அப்புறம் அந்த ஊர்ப் பையன் ஒருவன் எங்கள் பக்கம் வந்தான், இன்னொருத்தி அங்கே போனாள். அரை மணி நேரத்தில் எந்தப் பிள்ளை எந்த ஊர் என்று சட்டையைப் பார்த்தால்தான் தெரியும் என்கிற நிலை.

"மேடம், ஸ்கோரு இன்னான்னு எழுதிக்கிறது?" என்று அந்த சார் என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று வேன் டிரைவர் அவசரப்படுத்தினார். பிள்ளைகளைக் கூப்பிட நான் நடுக் கட்டத்துக்குள் நடந்து போனேன். அந்தப் பெண் பந்தோடு நேராக என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். என்னை நன்றாகவே பார்த்தாள். நிற்பாள் என்று நினைத்தேன்.

"மிஸ், தள்ளிக்கோங்க மிஸ்!" என்று சொல்லிக்கொண்டே என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் தள்ளி நின்றேன். பள்ளியில் எனக்குச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள், மேடையில் புகழ்ந்திருக்கிறார்கள், எதுவும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகவில்லை. வேன் டிரைவரிடம் இன்னும் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

இப்போதும் ஒவ்வொரு சாயந்திரமும் மைதானத்துக்குள் நுழையும்போது, என்னைப் பார்த்தும் ஆட்டம் நிற்காமல் நடந்துகொண்டிருந்தால், இன்றைக்கு என் வேலையைச் சரியாகச் செய்கிறேன் என்று மனநிறைவோடு ஓரமாகப் போய் நின்றுகொள்கிறேன்.